தொடையின் வெளிப்பக்கம் எரிச்சல், மரத்துப்போதல்: மூன்று மாதமாகத் தீரவில்லை, என்ன செய்வது?

மதுரைமல்லி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 44 வயது. ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் விற்பனை வேலை, காலை பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பது வரை நிற்பதுதான், நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. மூன்று மாதமாக வலது தொடையின் மேல்பகுதியில், வெளிப்பக்கமாக, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு எரிச்சல். மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி. விரலால் தொட்டால் மரத்துப்போன மாதிரி இருக்கிறது, ஆனால் புடவை உரசினால் மட்டும் தாங்க முடியவில்லை, இது எப்படி ஒரே இடத்தில் இரண்டும் இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. மதியத்துக்கு மேல் கூடும், உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் குறையும். முட்டிக்குக் கீழே ஒன்றும் இல்லை.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன், சயாட்டிகா, அதாவது முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி என்று சொல்லி ஊசி போட்டு வலி மாத்திரை கொடுத்தார்கள், முதுகு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மாத்திரை இருபது நாள் சாப்பிட்டு வயிறு எரிந்ததுதான் மிச்சம். அம்மா வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார். பக்கவாதத்துக்கு முன்னால் இப்படி மரத்துப்போகும் என்று கடையில் ஒரு அக்கா சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

அக்கா, நான் திருச்சியில் பிசியோதெரபிஸ்ட். தொட்டுப் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது இதுதான்: பாவாடை நாடாவை எங்கே, எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறீர்கள்?

இடுப்பின் முன்பக்கம் கை வைத்தால் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு ஒரு எலும்பு தட்டுப்படும். அதை ஒட்டித்தான் தொடையின் வெளிப்பக்கத் தோலுக்குப் போகிற நரம்பு இறங்குகிறது. கீழ்முதுகில் கிளம்பி வயிற்றுக்குள்ளேயே சுற்றி வந்து, தொடையிடுக்கின் குறுக்கே ஓடும் ஒரு கெட்டியான நார்ப்பட்டைக்கு அடியில் நுழைந்து வெளியே வரும். அந்த இடம் குறுகல். அங்கே நாடா அழுத்தினாலும், வயிறு சரிந்து அழுத்தினாலும், கர்ப்பத்தில் வயிறு பெரிதானாலும் நரம்பு நசுங்கும். ஆண்களுக்கு பெல்ட், போலீஸ்காரர்களுக்கு அவர்களுடைய கனமான பெல்ட். மெரால்ஜியா பாரஸ்தெடிகா என்று பெயர், கிரேக்க மொழியில் மெரோஸ் என்றால் தொடை, ஆல்கோஸ் என்றால் வலி. 1878-லேயே இதைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள், புதிய நோய் ஒன்றும் இல்லை.

இந்த நரம்பு தோலின் உணர்ச்சியை மட்டும் சுமக்கிறது, தசைக்குப் போவதில்லை. அதனால்தான் மரத்துப்போவதும் எரிவதும் ஒரே இடத்தில் இருக்கும், ஆனால் காலில் பலம் குறையாது. பக்கவாதம் இப்படி தொடையில் ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் மூன்று மாதம் உட்கார்ந்திருக்காது அக்கா, அது திடீரென்று கை, கால், முகம், பேச்சு என்று வரும். அந்த பயத்தை முதலில் விடுங்கள்.

சயாட்டிகா என்றால் வலி பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கி முட்டியைத் தாண்டும், பலருக்குப் பாதம் வரை போகும், உட்கார்ந்தால் கூடும். உங்களுக்கு நின்றால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது. நேர் எதிர். நிற்கும்போது இடுப்பு நிமிர்ந்து அந்த நரம்பு இழுபடுகிறது, உட்காரும்போது தளர்கிறது.

இப்போதைக்கு: நாடாவை எடுத்துவிட்டு இரண்டு விரல் அகலமாவது உள்ள எலாஸ்டிக் பட்டை வைத்துத் தையுங்கள், அதுவும் அந்த எலும்பின் மேல் உட்காராமல் சற்று மேலே இருக்கட்டும். இப்போது புடவைக்குள் போடுகிற இறுக்கமான ஷேப்வேர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இரவில் மல்லாந்து படுத்தால் முட்டிக்கு அடியில் ஒரு தலையணை. ஒன்று முக்கியம், மரத்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சூடு தெரியாது, தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், நான் அப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சர்க்கரை பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள். சர்க்கரை இருந்தால் நரம்புகள் சீக்கிரம் பாதிக்கப்படும்.

ஈரோட்டுமஞ்சள் எழுதியது:

சகோதரி, மேலே சொன்னது உங்களுக்குப் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். ஆனால் தொடை வலி என்று தேடி இந்தப் பக்கம் வருகிற மற்றவர்களுக்காக என் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஒன்பது மாதம் வீணாக்கினேன்.

எனக்கு 38 வயதில் இடது தொடையிடுக்கிலும் தொடையின் முன்பக்கத்திலும் ஒரு ஆழமான வலி, எரிச்சல் இல்லை, எலும்புக்குள் யாரோ குடைகிற மாதிரி. கிரிக்கெட் ஆடியதில் தசை பிடித்துக்கொண்டது என்று நானே முடிவு செய்தேன். சுளுக்கு வழித்தேன், கட்டுப் போட்டேன், ஸ்ப்ரே அடித்தேன். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள், அதை நம்பி இன்னும் நாலு மாதம். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை, செருப்புப் பட்டை மாட்டக் குனிந்தால் உயிர் போனது. வேறொரு எலும்பு மருத்துவரிடம் போனபோது அவர் காலை மடக்கி உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்த உடனேயே எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு நோய்க்காக நிறைய ஸ்டீராய்டு எடுத்திருந்தேன், அதுதான் காரணமாக இருக்கும் என்றார். குடிப்பழக்கம் அதிகம் உள்ளவர்களுக்கும் இது வருமாம்.

ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் எலும்பில் துளை போட்டு அழுத்தத்தைக் குறைத்து மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. எனக்கு அது தாண்டிவிட்டது, இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது நடக்கிறேன், வண்டி ஓட்டுகிறேன். ஆனால் அந்த ஒன்பது மாதத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. தயவுசெய்து, தொடையிடுக்கில் வலி, சம்மணம் போட முடியவில்லை, ஸ்டீராய்டு எடுத்ததுண்டு என்றால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

பொருநைநதி எழுதியது:

என் அம்மாவுக்கும் தொடை வெளிப்பக்க வலிதான், ஆனால் எரிச்சல் இல்லை, ஒருக்களித்து அந்தப் பக்கம் படுத்தால் துடிப்பார். பக்கவாட்டில் துருத்துகிற எலும்பை அழுத்தினாலே கத்துவார். பிட்டத்துத் தசைநார் அந்த எலும்பில் ஒட்டுகிற இடம் தேய்ந்திருக்கிறது என்றார்கள், ஐம்பது வயதையொட்டிய பெண்களுக்கு நிறைய வருமாம். பேரனை எப்போதும் ஒரே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு காலில் சாய்ந்து நிற்பது அவர் பழக்கம், அதை நிறுத்தச் சொன்னார்கள். முட்டிகளுக்கு இடையில் தலையணை வைத்து மறுபக்கம் படுக்கிறார், பக்கவாட்டில் கால் தூக்கும் பயிற்சி தினமும் செய்கிறார். மூன்று மாதத்தில் நல்ல மாற்றம்.

இன்னொன்று. அக்கா, நாள் முழுக்க நிற்பது என்று எழுதியிருக்கிறீர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். வேலைக்கு நடுவில் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறதா?

மதுரைமல்லி எழுதியது:

படித்துவிட்டு அழுதேவிட்டேன். பக்கவாதம் இல்லை என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் போல.

நாடா விஷயம் உண்மை. கடையில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து புடவை எடுத்துப் போட வேண்டும், அவிழ்ந்துவிடக் கூடாது என்று இழுத்து முடிச்சுப் போடுவேன், ராத்திரி அவிழ்த்தால் இடுப்பில் கயிறு பதிந்த தழும்பு இருக்கும். முடிச்சு எப்போதும் வலது பக்கம்தான். போன வருடத்திலிருந்து ஏழு கிலோ கூடியும் இருக்கிறேன். ஸ்டூல் இருக்கிறது, ஆனால் வாடிக்கையாளர் கண்ணில் படுகிற மாதிரி யாரும் உட்காருவதில்லை, உட்கார்ந்தால் ஃப்ளோர் சூப்பர்வைசர் முறைப்பார். சட்டம் இருப்பது எங்கள் பிரிவில் யாருக்கும் தெரியாது, நாளைக்கு எல்லோரிடமும் சொல்கிறேன்.

தம்பி, பயிற்சி ஏதாவது உண்டா? எப்போது பயப்பட வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

சொல்கிறேன் அக்கா. எரிச்சல் கடுமையாக இருக்கும்போது இழுக்கும் பயிற்சி வேண்டாம். முதல் இரண்டு வாரம் இறுக்கத்தை எடுப்பதும், மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் உட்காருவதும் போதும். உட்கார வழியே இல்லையென்றால் ஒரு காலை சிறிய பலகை மேல் மாற்றி மாற்றி வைத்து நில்லுங்கள், இடுப்பு தளரும். எரிச்சல் அடங்கிய பிறகு, மடித்த போர்வை மேல் வலது முட்டியை ஊன்றி, இடது பாதத்தை முன்னால் வைத்து, முதுகை வளைக்காமல் மெதுவாக முன்னால் நகருங்கள். வலது தொடையின் முன்பக்கம் லேசாக இழுக்கும். முப்பது விநாடி, மூன்று தடவை. எரிச்சல் கூடினால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்த ஏழு கிலோவில் மூன்று நான்கு குறைந்தாலே வித்தியாசம் தெரியும்.

பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அடங்கிவிடும். அடங்காவிட்டால் நரம்பு மருத்துவரைப் பாருங்கள், நரம்பு வலிக்கென்றே வேறு மாத்திரைகள் இருக்கின்றன, இடுப்பில் நரம்பு நசுங்குகிற இடத்தில் ஊசியும் போடுவார்கள். சாதாரண வலி மாத்திரையை நீங்களே மறுபடி வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

உடனே ஓட வேண்டியது எப்போது என்றால்: ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால், முக்கியமாக அறுவை சிகிச்சை, பிரசவம், நீண்ட பயணத்துக்குப் பிறகு. ரத்தம் உறைந்திருக்கலாம், அந்தக் காலைத் தேய்க்கவே கூடாது, அதோடு மூச்சுத் திணறலும் இருந்தால் 108-ஐ அழையுங்கள். கால் பலம் குறைந்து மடங்கினாலோ, உட்காரும் இடம் முழுக்க மரத்து சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனை. விழுந்து எழுந்த பிறகு வயதானவர் காலை ஊன்ற முடியாவிட்டாலும் அப்படியே.

கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற யாராவது இதைப் படித்தால், இரண்டு தொடையும் சேர்ந்து வலித்தால் மருத்துவரிடம் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மதுரைமல்லி எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். எலாஸ்டிக் பட்டை வைத்து ஐந்து பாவாடை தைத்துக்கொண்டேன். நரம்பு மருத்துவரையும் பார்த்தேன், ஊசி முனையால் தொட்டுத் தொட்டு மரத்த இடத்துக்குப் பேனாவால் எல்லை வரைந்தார், நீங்கள் சொன்ன அதே பெயரைச் சொன்னார். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, சாப்பாட்டைக் கவனிக்கிறேன். எரிச்சல் பாதிக்கு மேல் போய்விட்டது, மரத்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எங்கள் பிரிவில் ஏழு பேரும் சேர்ந்து போய்ப் பேசினோம், மேஜைக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், முறை வைத்து உட்காருகிறோம். பக்கவாதம் என்று பயமுறுத்திய அக்காவும் நாடாவை மாற்றிவிட்டார், அவருக்கும் இடது பக்கம் அதே எரிச்சல் ஒரு வருடமாக இருந்ததாம், யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.