கட்டி சின்னது, பிளான் போட ஏன் இவ்வளவு நேரம்?

தென்காசி_மகன்:
அம்மாவுக்கு வலது காது நரம்பில் 14 மில்லிமீட்டர் கட்டி. வெஸ்டிபுலர் ஷ்வனோமா என்கிறார்கள். அடுத்த வாரம் காமா நைஃப், அதாவது கத்தி வைக்காமல் கதிர்வீச்சால் செய்யும் சிகிச்சை. காலையில் தலையில் ஃபிரேம் மாட்டி எம்ஆர்ஐ எடுப்பார்களாம். கதிரை எங்கே, எவ்வளவு கொடுப்பது என்ற பிளான் முடிய மதியம் ஆகலாமாம். இத்தனை சின்னக் கட்டிக்கு அவ்வளவு நேரம் எதற்கு? அந்தக் காதில் அம்மா இன்னும் ஃபோன் பேசுகிறார். அது போய்விடுமோ என்றுதான் பயம்.

கோபால்ட்60:
தம்பி, நான் மெடிக்கல் பிசிசிஸ்ட். இந்த பிளான் போடுவதுதான் என் வேலை. கட்டி சின்னதாக இருந்தாலும், அதைச் சுற்றி இருப்பவைதான் நேரத்தை வாங்கும்.

எம்ஆர்ஐ வந்ததும் ஒவ்வொரு துண்டுப் படத்திலும் கட்டியின் ஓரத்தை வரைவோம். அப்புறம் மூளைத்தண்டு, காக்ளியா (ஒலியைக் கேட்க வைக்கும் உள்காதுப் பகுதி). இப்போதைய கருவியில் 192 கோபால்ட் மூலங்கள்; 4, 8, 16 மில்லிமீட்டர் துளைகள் வழியாகக் கதிர்கள் ஒரே புள்ளியில் குவியும். அந்தக் குவியலை ஷாட் என்போம். உருண்டையான ஷாட்டுகளை அடுக்கிக் கோணல்மாணலான கட்டியை நிரப்ப வேண்டும். இந்தக் கட்டி பெரும்பாலும் காதின் எலும்புக் குழாய்க்குள் வால் நீட்டியிருக்கும். வால் நுனிக்குச் சில மில்லிமீட்டர் தள்ளித்தான் காக்ளியா. அங்கே ஒரு 4 மில்லிமீட்டர் ஷாட்டைத் துளி நகர்த்தினாலே கணக்கு மாறிவிடும்.

கட்டியின் ஓரத்துக்கு வழக்கமாக 12 கிரே (கதிர் அளவின் அலகு) கொடுப்போம். காக்ளியாவுக்குச் சராசரி 4 கிரேக்குள் நிறுத்தப் பார்ப்போம். எல்லோருக்கும் அது முடிவதில்லை. அதற்காக வாலை அரைகுறையாக விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டி வளர்ந்தால் காதும் போகும். நன்றாகப் பிளான் போட்டாலும் சில வருடங்களில் கேட்பது குறையலாம். "காக்ளியாவுக்கு எவ்வளவு போகிறது?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மதுரை_மீனாட்சி:
எனக்கும் இதே கட்டி, இதே சிகிச்சை. ஃபிரேம் மாட்டுமுன் போட்ட மரப்பு ஊசி நெற்றியில் சுருக்கென்றது, அப்புறம் இறுக்கம் மட்டும்தான். தலைவழி மாட்டும் நைட்டி வேண்டாம் தம்பி, ஃபிரேமோடு கழற்ற முடியாது. முன்னால் பட்டன் வைத்தது போட்டுவிடுங்கள். ஆறாம் மாத ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிந்து பதறிப்போனேன். அடுத்த ஸ்கேனில் சுருங்கியிருந்தது.

கோபால்ட்60:
ஆமாம், முதல் ஒன்றரை வருடத்துக்குள் இப்படித் தற்காலிகமாக வீங்குவது உண்டு. ஒரே ஸ்கேனை வைத்து முடிவு கட்ட மாட்டார்கள்.

தென்காசி_மகன்:
அக்கா, பட்டன் விஷயத்தை யாருமே சொல்லவில்லை, நன்றி. அண்ணா, ஆடியோகிராம் (காது கேட்கும் திறன் சோதனை) போன வருடம் எடுத்தது. மறுபடி எடுக்கணுமா?

கோபால்ட்60:
சிகிச்சைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். இப்போது எவ்வளவு கேட்கிறது என்று தெரிந்தால்தான் அப்புறம் ஒப்பிட முடியும்.