பொரித்த கோழியின் மொறுமொறுப்பு பத்து நிமிடம்கூட நிற்பதில்லை: எங்கே பிழை?

கல்லடிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல், கடையில் விற்பதைப் போன்ற மொறுமொறுப்பான கோழிப் பொரியலைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவையாகச் செய்து பார்த்தேன். ஒன்றரைக் கிலோ புறொயிலர் கோழியைப் பத்துத் துண்டுகளாக வெட்டுவித்து, உப்பு, மிளகாய்த்தூள், உள்ளி, எருமைத் தயிர் ஆகியவற்றில் இரண்டு மணித்தியாலம் ஊறவைத்து, பிறகு முட்டையில் தோய்த்துக் கோதுமை மாவில் புரட்டி, அந்தக் கையோடு தேங்காயெண்ணெயில் போட்டேன். பாதித் துண்டுகளில் மா சட்டையைப் போலக் கழன்று எண்ணெயில் மிதந்தது. கழலாத துண்டுகளோ, தாச்சியிலிருந்து எடுத்த வேளையில் மொறுமொறுவென்று இருந்தும், சூடு ஆறிவிடக் கூடாதென்று சட்டியில் அடுக்கி மூடிவைத்த பத்து நிமிடத்தில் நனைந்த பாணைப் போலாகிவிட்டன. போதாக்குறைக்குத் தொடையைப் பிய்த்தபோது எலும்போரம் சிவந்திருந்தது. திரும்பவும் எண்ணெயில் போட்டதில் வெளிப்புறம் கருகியதுதான் மிச்சம். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாவேன்.

காத்தான்குடி அடுப்படி:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சிற்றுண்டிக் கடையொன்றின் அடுப்படியில் நெடுங்காலம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கோழியைக் கெடுத்தது மாவும் அன்று, மசாலாவும் அன்று, ஈரம்தான். மேல்மா மொறுமொறுப்பாவது அதிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதால். பொரித்தெடுத்த பின்பும் இறைச்சியிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். அதை மூடிவைத்தால், மூடியில் படிந்த ஆவி நீராகி மாவின் மேலேயே சொட்டும். மூடாமல், கம்பித் தட்டில் துண்டுகள் ஒன்றையொன்று தொடாதபடி வையுங்கள். கடதாசியில் வைத்தாலும் அடிப்பக்கம் வியர்க்கும்.

மா கழன்றதற்குக் காரணம் அவசரம். ஊறிய துண்டைத் தூக்கிப் பிடித்து வழியும் தயிரை வழியவிட்டு, மாவில் போட்டு உள்ளங்கையால் அழுத்திப் புரட்டிய பின், இருபது நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். வெள்ளையாகத் தூள் தெரிந்த இடமெல்லாம் ஈரத்தை உறிஞ்சிப் பசை போல மங்கும். அதன் பிறகே எண்ணெய். மாவையும் மாற்றுங்கள்: இரண்டு கப் கோதுமை மாவுக்கு அரைக் கப் கோன் பிளவரும் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் போதும். கோதுமை மாவின் புரதம் நீரோடு சேர்ந்து இழுவையாகும். கோன் பிளவரில் அந்த இழுவை இல்லாததால் உடையும் பதம் வரும். ஊறவைத்த தயிரில் மூன்று கரண்டியை எடுத்து உலர்ந்த மாவில் தெளித்து விரல் நுனியால் பிசிறிவிட்டால், புட்டுக்குக் குழைத்த மாவைப் போலச் சிறு உருண்டைகள் விழும். கடைக் கோழியின் மேல் நீங்கள் பார்க்கும் செதில்கள் அவைதாம்.

கல்முனை ராத்தா:

தம்பி அடுப்படி சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் எருமைத் தயிரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நம் பக்கத்துச் சட்டித் தயிர் கெட்டியானது. அப்படியே பூசினால் இறைச்சிக்கும் மாவுக்கும் நடுவே தடித்த படையாக நின்று, அதுவே வழுக்கும். ஒரு பங்கு தயிருக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டு மோராக அடித்து, உப்பும் உள்ளியும் சேர்த்து, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவிடுங்கள். மோரின் புளிப்பு இறைச்சியை மிருதுவாக்கும், உப்பு உள்ளே இறங்கிப் பொரிக்கும்போது சாறு வற்றாமல் காக்கும். மோர் இருந்தால் முட்டை வேண்டியதில்லை.

எலும்போரச் சிவப்பைக் கண்டு மட்டும் வேகவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். புறொயிலர் இளங்கோழி என்பதால், அதுவும் உறையவைத்ததானால், எலும்பு மச்சையின் நிறம் வெளியே கசிந்து நன்றாக வெந்த பின்பும் சிவப்பாகவே தெரியும். வெப்பமானி வைத்துப் பாருங்கள். எலும்பைத் தொடாமல் தொடையின் நடுவே 74 பாகை செல்சியஸ் காட்டினால் வெந்துவிட்டது. எண்ணெய் 165 முதல் 175 பாகைக்குள் இருக்கட்டும். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் அந்தச் சூட்டிலேயே புகையத் தொடங்கும். ஆகவே சுத்திகரித்த எண்ணெயைப் பயன்படுத்துங்கள். குளிர்ந்த துண்டுகள் சூட்டை இறக்கிவிடும் என்பதால் ஒரு தடவைக்கு மூன்று துண்டுகளுக்கு மேல் போடாதீர்கள். தொடைக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் பிடிக்கும். சடசடவென்று கொதித்த எண்ணெயின் சத்தம் மெல்லிய சலசலப்பாக அடங்குவதைக் காது கண்டுபிடித்துவிடும்.

அக்கரைப்பற்று இளையவன்:

ஒரு சந்தேகம். கே.எஃப்.சி. கோழிக் கடைகளைத் தொடங்கிய அமெரிக்காவின் கேணல் சாண்டர்ஸ் அழுத்தத்தில் பொரித்துத்தான் நேரத்தைக் குறைத்தார் என்கிறார்கள். வீட்டுப் பிரஷர் குக்கரில் எண்ணெயை விட்டு மூடிப் பொரித்தால் என்ன?

கல்முனை ராத்தா:

தம்பி, அந்த வேலை வேண்டவே வேண்டாம். சாண்டர்ஸ் 1939 அளவில் பிரஷர் குக்கரை அதற்கேற்ப மாற்றியமைத்துப் பயன்படுத்தியது உண்மைதான். இன்று அதற்கென்றே செய்த இயந்திரங்கள் இருக்கின்றன. நம் வீட்டுக் குக்கரின் இறப்பர் வளையமும் விசில் வால்வும் 120 பாகையளவு நீராவிக்குச் செய்யப்பட்டவை. 170 பாகையில் காயும் எண்ணெய் அவற்றினூடாகச் சீறினால் முகத்துக்கே வரும். அதுமட்டுமன்றி, அழுத்தம் சாற்றைக் காக்குமே ஒழிய மொறுமொறுப்பைத் தராது.

கல்லடிக்காரன்:

ராத்தாவுக்கும் அடுப்படி அண்ணனுக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு மோரில் ஊறவைத்து, இன்று மத்தியானம் ஆறு துண்டுகளை மட்டும் பொரித்துப் பார்த்தேன். கம்பித் தட்டு இல்லாததால் இடியப்பத் தட்டுகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் வைத்தேன். மா ஓரிடத்திலும் கழலவில்லை. அரை மணித்தியாலம் கழித்து மகள் கடித்த சத்தம் விறாந்தை வரை கேட்டது. ஒரேயொரு குறை, உப்புச் சற்றுக் கூடிவிட்டது. மோரிலும் போட்டு மாவிலும் தாராளமாகப் போட்டதுதான் காரணமென நினைக்கிறேன். ஒரு கிலோ இறைச்சிக்கு இரண்டிலுமாக எவ்வளவு உப்புப் போடுகிறீர்கள் என்று சொன்னால், எஞ்சிய நான்கு துண்டுகளை நாளை அதன்படி செய்வேன். அவை தனியே, இன்னும் உப்பே போடாத மோரில்தான் கிடக்கின்றன.

காத்தான்குடி அடுப்படி:

மோரில் மூன்று தேக்கரண்டி, மாவில் அரைத் தேக்கரண்டி.