பழைய சாமான் வாங்கி விற்பவர்களே, மனத்தை விட்டுப் போகாத ஒரு பேரம் எது?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

போன மாசியில் கூத்தாநல்லூரில் நடந்தது. வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள், பரணைக் காலி செய்கிறார்கள் என்று தெரிந்த காயலான் கடைக்காரர் போன் செய்தார். அந்த ஊரைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, சின்ன சிங்கப்பூர். பரணில் கிடப்பதில் பாதி கடல் கடந்து வந்ததாகத்தான் இருக்கும். இரண்டு டேப் ரிக்கார்டர், ஒரு டிரான்சிஸ்டர், மூடியில்லாத பிளாஸ்க். பிஸ்கட் டின்னின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று. பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. நின்டெண்டோவின் கேம் அண்ட் வாட்ச், கடிகாரமும் அலாரமும் சேர்ந்த கையடக்க வீடியோ கேம். டாங்கி காங், 1982. புத்தகம் போல மடங்குவது, மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை, இடது கட்டைவிரலுக்குக் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பொத்தான். அந்தப் பொத்தான் முதன்முதலில் வந்ததே இதில்தான்.

முகத்தில் எதையும் காட்டாமல் டேப் ரிக்கார்டரையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் சேர்த்து 600 ரூபாய் என்றேன். அந்த அம்மா மறுபேச்சில்லாமல் சரி என்றார்.

படி இறங்கும்போது "தம்பி, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டார். பையிலிருந்து அதை மட்டும் வாங்கினார். திறந்தார், மூடினார். டப் என்று சத்தம். மறுபடி திறந்து மூடினார். "பிள்ளையின் அத்தா கொண்டுவந்தது. நோன்பு மாதத்தில் எங்களைச் சஹருக்கு எழுப்பியது இதுதான்" என்று சொல்லி, முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

அவர்கள் வீட்டில் அது விளையாட்டுச் சாமானே அல்ல, விடியலுக்கு முன் நோன்புச் சாப்பாட்டுக்கு எழுப்புகிற அலாரம். பேட்டரி இருந்த இடத்தில் பச்சை பூத்திருந்தது. வினிகர் தொட்டுச் சுத்தம் செய்தேன், உயிர் வந்துவிட்டது. பெங்களூர்க்காரர் ஒருவருக்கு 7,500க்குக் கொடுத்தேன். பணம் வந்து செலவும் ஆகிவிட்டது. அந்த டப் சத்தம் மட்டும் போகவில்லை. திரும்பப் போய் ஏதாவது கொடுத்திருக்க வேண்டுமா? உங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?

வெட்டாறு (நாகப்பட்டினம்)

எனக்கு கஜா புயல். 2018 நவம்பர் 16 அடித்தது, இது அதற்கு மூன்றாவது வாரம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு காயலான் கடை. ஓடு, தகரம், ஊறிப்போன மெத்தை என்று மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. ஒரு சாக்கில் வீடியோ கேம் கேசட்டுகள், எல்லாம் சேற்றோடு. பிளாஸ்டிக் எடைக்கே போட்டுக் கொடுத்தார். வீட்டில் எண்ணினால் 41.

கொல்லையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவினேன். ஒரு மஞ்சள் கேசட்டில் பள்ளி நோட்டுக்கு ஒட்டுகிற லேபிள், பெயர் கரைந்து போயிருந்தது. அதன் கீழே பால்பாயின்ட் பேனாவில் அழுத்தி எழுதியது மட்டும் தப்பித்திருந்தது: "ஆறாம் வகுப்பு ஆ பிரிவு. கேட்காமல் எடுத்தால் கை உடையும்."

கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டுக்கு என்ன ஆயிற்று, ஓடு நின்றதா, அந்தப் பையனுக்கு இப்போது எத்தனை வயது. 41இல் 17 ஓடின. 16 விற்றேன். மஞ்சள் கேசட் பீரோவில் இருக்கிறது.

மன்னை வியாபாரி (மன்னார்குடி)

அரசலாற்றங்கரை தம்பி, மனத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் திருடவில்லை, பொய்யும் சொல்லவில்லை. 600 கேட்டீர்கள், கொடுத்தார்கள். நீங்கள் போகாவிட்டால் அது கிலோ கணக்கில் உருகியிருக்கும். ஒரு பொருள் இன்னதென்று தெரிந்துகொள்ள நீங்கள் செலவழித்த பத்து வருடத்துக்குக் கூலி அந்த லாபம். என் கதையும் உண்டு: 2011இல் கையில் வைத்து விளையாடுகிற நின்டெண்டோ கேம்பாயின் கேசட் ஒன்றை அசல் என்று நம்பி 1,800 கொடுத்தேன், நகல். விற்றவருக்குத் தூக்கம் கெட்டதா? இல்லை.

வெட்டாறு, அந்த 16ஐயும் என்ன சொல்லி விற்றீர்கள்? அசல் என்றா? நம் ஊர்ப் பக்கம் 90களில் ஓடியதெல்லாம் பெரும்பாலும் டிவியில் மாட்டி விளையாடுகிற நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல் செட்டும் நகல் கேசட்டும்தான். ஃபேமிகாம் ஜப்பானில் 1983இல் வந்தது, அதன் கேசட்டுக்கு 60 பல், அதாவது செட்டுக்குள் செருகுகிற ஓரத்தில் இருக்கிற உலோகப் பட்டைகள். அதன் அமெரிக்கச் செட்டின் கேசட்டுக்கு 72 பல். ஒன்றில் மற்றது நேராக ஏறாது. இதைக்கூடச் சொல்லாமல் விற்பவர்களால்தான் எல்லோருக்கும் கெட்ட பெயர். கழற்றிப் பாருங்கள். உள்ளே சிப்புக்குப் பதில் கறுப்பாக ஒரு பிசின் பொட்டு இருந்தால் நகல்தான். கேம்பாய் கேசட்டின் திருகைச் சாதாரண ஸ்குரூடிரைவரால் நோண்டாதீர்கள், அதற்கு 3.8 மில்லிமீட்டர் பிட் தனியாகக் கிடைக்கிறது. பல்லை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், மேல்பூச்சு போய்விடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சும் போதும். வாயால் ஊதவே ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பட்டுப் பல் கறுத்துவிடும்.

கேம்பாயின் போக்கிமான் கோல்டு, சில்வர் கேசட் கிடைத்தால் உள்ளே சிஆர்2025 பேட்டரி பற்றவைத்திருக்கும். அதில் கடிகாரமும் ஓடுவதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். மாற்றலாம், ஆனால் கழற்றியவுடன் அதில் சேமித்துவைத்த பழைய ஆட்டம் அழிந்துவிடும். கொடுத்தவர் பிறகு கேட்டால் கிடைக்காது, முதலிலேயே சொல்லிவிடுங்கள். பார்சல் கட்டும்போது வீடியோ எடுத்துவையுங்கள். முக்கியமாக, அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று கேட்காமல் எந்த வீட்டை விட்டும் வராதீர்கள். பொருளுக்கு ஒரு விலை என்றால் பெட்டியோடு அதைப்போல இரண்டு மடங்கு. கேம் அண்ட் வாட்சுக்கு வெறும் பெட்டியையே தனியாகத் தேடி வாங்குகிறார்கள்.

வெட்டாறு

நகல் என்று எழுதித்தான் விற்றேன், புயல் தண்ணீரில் நனைந்தது என்பதையும் சேர்த்து எழுதினேன். ஒன்று 150 ரூபாய். நான் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டீர்கள், நன்றி.

கீழவாசல் (தஞ்சாவூர்)

நான் விற்பவள் அல்ல, பொருளைப் பறிகொடுத்த பக்கத்து ஆள். மன்னை வியாபாரி அண்ணா எழுதிய "தெரிந்ததற்குக் கூலி" என்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1997இல் எங்கள் வீட்டு வீடியோ கேம் செட்டை அம்மா தெருவில் வந்த பாத்திரக்காரரிடம் பழைய துணிகளோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன். பதிலுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு. மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. அந்தத் தூக்கில்தான் அம்மா இன்றைக்கும் இட்லி மாவு வாங்கி வருகிறார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு திருச்சிக்காரர் ஒருவர் விற்பனைக்குப் போட்ட படத்தில் இரண்டாவது கன்ட்ரோலரைப் பார்த்தேன். அதன் பி பொத்தானில் சிவப்பாக ஒரு புள்ளி. அக்காவின் நகப்பூச்சு. அண்ணன் நல்ல கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டு மோசமானதை என் பக்கம் தள்ளுவான். எது எது என்று தெரிய நான் வைத்த புள்ளி அது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூச்சின் ஒரு ஓரம் பெயர்ந்திருந்தது. அதைப் பெயர்த்ததும் என் நகம்தான்.

என்னுடையது என்று சொல்லவில்லை. சொன்னால் விலை ஏறும். அரசலாற்றங்கரை செய்ததையே நானும் செய்தேன், முகத்தில் எதையும் காட்டாமல் ஒயர் எப்படி இருக்கிறது என்றுதான் விசாரித்தேன். 2,800 கேட்டார், 2,800 கொடுத்தேன். பாத்திரக்காரருக்குப் பிறகு அது எத்தனை கை மாறியதோ, ஒவ்வொருவரும் கொஞ்சம் சம்பாதித்திருப்பார்கள். அவர்கள் யார் மீதும் எனக்குக் கோபமில்லை. ஆனால் இன்னதென்று தெரிந்தவர் தெரியாதவரிடம் வாங்கும்போது எதிர்ப்பக்கத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறது அண்ணா. அதையும் கணக்கில் சேருங்கள்.

மாயவரம் 90 (மயிலாடுதுறை)

மணிக்கு 10 ரூபாய் வாங்கி வீடியோ கேம் கடை நடத்தியவன் நான். கடையை மூடிய பிறகு இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக விற்றேன். வாத்துச் சுடுகிற வீடியோ கேம் துப்பாக்கியைக் காரைக்காலில் ஒருவர் பிள்ளைக்காக வாங்கிப்போனார். மறுநாள் போனில் கிழித்துவிட்டார். ஏமாற்றுக்காரன் என்ற சொல்லை அன்றைக்குத்தான் நேராக வாங்கினேன்.

துப்பாக்கியில் கோளாறு இல்லை. குதிரையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும், வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி முனையில் இருக்கிற கண் பிடிக்க வேண்டும். பிக்சர் டியூப் டிவியில் அது அந்தக் கணமே நடக்கும். இப்போதைய எல்இடி டிவியில் படம் ஒரு கணம் பிந்தி வருகிறது, துப்பாக்கிக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

போனில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. 2006இல் அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்ததே, அந்த 14 அங்குலக் கலர் டிவி எங்கள் வீட்டில் இருந்தது. சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். அவர்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து மாட்டினேன். திட்டியவரே துப்பாக்கியை வாங்கி முதல் வாத்தைச் சுட்டார். அது விழுந்ததும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, "இன்னொன்று, இன்னொன்று" என்றார். பையன் பின்னால் நின்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

டிவியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஐயாறு (திருவையாறு)

எல்லோரும் கேசட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். பழைய வீட்டில் சாமான் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் டிரங்குப் பெட்டி நிறையப் பாட்டுக் கேசட். அடியில் மஞ்சள் துணியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு விக்கிரகம், பீடத்தில் காய்ந்த சந்தனம். "அதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். பெட்டியையே அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த சிலை தொல்பொருள். ஏட்டுச்சுவடி முதலான மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 வருடம். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. மண்ணில் கிடைத்ததென்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இன்றைய திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் கூலித் தொழிலாளி ஒருவர் தோண்டும்போது கிடைத்த நடராஜர் சொற்பப் பணத்துக்குக் கைமாறி லண்டன் வரை போய்விட்டார். அங்கே வழக்கு நடத்தி, 1991இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். மன்னை வியாபாரி ஐயா சொல்கிற "தெரிந்தவருக்குக் கூலி" அங்கேயும் ஒவ்வொரு கையிலும் நடந்தது.

மன்னை வியாபாரி

விளையாட்டுச் சாமானையும் சாமி சிலையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் ஐயா. சிலையை நான் என்றும் தொட்டதில்லை. கீழவாசல் தங்கை எழுதியதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

அரசலாற்றங்கரை

இதையெல்லாம் படித்த பிறகு போன வெள்ளிக்கிழமை கூத்தாநல்லூர் போனேன். வீட்டை இன்னும் இடிக்கவில்லை. விற்ற விலையைச் சொல்லி 3,000 ரூபாயை நீட்டினேன். அந்த அம்மா பணத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அவ்வளவா?" என்றார். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். தேநீர் வந்தது. பணத்தை எண்ணாமல் தலையணைக்கு அடியில் வைத்தார்.

கிளம்பும்போது, "இருங்கள் தம்பி, அதனுடைய பெட்டி கிடக்கிறது. உங்களுக்கு உபயோகப்பட்டால் கொண்டுபோங்கள், இங்கே எதற்கு" என்று அலமாரியைத் திறந்தார். அசல் அட்டைப்பெட்டி. மூலை கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, உள்ளே வெள்ளைத் தெர்மோகோல் உடையாமல் அப்படியே இருக்கிறது. மூடியின் உட்புறத்தில் பென்சிலால் நேரங்கள் வரிசையாக எழுதியிருந்தன, 4.10, 4.12 என்று. சஹர் நேரம்.

மன்னை அண்ணன் எழுதியது நினைவுக்கு வந்தது. இந்த முறை டேப் ரிக்கார்டர் பக்கம் திரும்பவில்லை. "அம்மா, இந்தப் பெட்டியை மட்டுமே 4,000 கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியா?" என்றார். என் கையிலிருந்து அதை வாங்கினார். மூடியைத் திறந்து அந்தப் பென்சில் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியானால் இருக்கட்டும்" என்று அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.