மாமி கண்டுபிடிக்காத பக்கம்

கொழும்புப் பக்கம் முகக் கோடுகளுக்குப் பெப்டைட் சீரம் வாங்கிய மூவர் சொல்வது.

வெள்ளவத்தையிலிருந்து:

46 வயதாச்சு, கண்ணோரம் கோடு விழுந்திட்டுது என்று தங்கச்சி ஒரு பெப்டைட் சீரம் வாங்கித் தந்தாள். போத்தலில் மெட்ரிக்சில் என்று இருந்தது. பெப்டைட் என்றால் புரதத்தின் சின்னத் துண்டு; இது ஐந்து அமினோ அமிலம் கோத்த சங்கிலி, தோலுக்குள் வழுக்கிப் போகக் கொழுப்பமில வால் ஒன்று. தோலை இறுக்கமாக வைக்கும் புரதமான கொலாஜன் உடைந்த துண்டுபோல நடித்து, கலங்களைப் புதுக் கொலாஜன் செய்யத் தூண்டுமாம். 2005இல் வந்த ஆய்வில் 93 பெண்கள் 12 கிழமை ஒரு பக்கம் இதையும் மறுபக்கம் வெறும் கிறீமையும் பூசினார்கள். வித்தியாசம் தெரிந்தது, ஆனால் சின்னது. செய்தவர்களும் கிறீம் விற்கும் கம்பனியின் ஆட்கள்தான்.

சரி, நானும் பார்ப்போம் என்று இடப் பக்கம் சீரம், வலப் பக்கம் பாமசியில் வாங்கிய சாதா மொய்ஸ்சரைசர். பக்கம் மாறாமலிருக்கக் கண்ணாடியின் இடது மூலையில் லிப்ஸ்டிக்கால் 'சீ' என்று எழுதினேன். மாமி கண்டுவிட்டு, "ஆரைப் பிள்ளை சீ எண்டு எழுதி வச்சிருக்கிறாய்?" என்றார்.

12 கிழமை முடிய அவரையே ஜன்னலடிக்குக் கூப்பிட்டு எந்தப் பக்கம் நல்லம் என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "ரெண்டும் பளபளப்பாத்தானே இருக்கு!" ஈரம் பிடித்தாலே மெல்லிய கோடுகள் மங்கும்தானே.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

எனக்கு விற்றது ஆர்ஜிரலின் என்ற இன்னொரு பெப்டைட், 'ஊசியில்லாத போடொக்ஸ்' என்று. போடொக்ஸ் ஊசி தசையைத் தளர்த்திக் கோட்டை மங்க வைக்கும்; இதுவும் அப்படி வேலை செய்ய, தசையை இயக்கும் நரம்பு முனை வரை இறங்க வேண்டும். மூலக்கூறின் எடையை டால்டனில் சொல்வார்கள்; 500 டால்டனுக்கு மேற்பட்டது தோலைக் கடப்பதே கஷ்டம், இது 890 அளவு. எல்லாரும் காட்டும் 2002 ஆய்வில் இருந்தது 10 பெண்கள். என் நெற்றி அப்படியே.

தெஹிவளையிலிருந்து:

நான் சீரத்தோடு தோல் டொக்டரிடம் போனேன். போத்தலை அவர் தொடவேயில்லை. வலக் கன்னத்தைப் பார்த்து, "நீங்களே கார் ஓடுறது?" என்றார். பின்னேரம் காலி வீதியால் வீட்டுக்கு வரும்போது கடல் பக்கத்து வெயில் வலக் கன்னத்தில்தான் விழும். கண்ணாடியை மூடினாலும் தோலை மூப்பாக்கும் யூவிஏ என்ற புற ஊதாக் கதிர் உள்ளே வரும்.

அவுஸ்திரேலியாவில் 903 பேரை வைத்துச் செய்த ஆய்வைச் சொன்னார், 2013இல் வந்தது. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோலில் நாலரை வருடத்தில் மூப்புக் கூடியதாகவே தெரியவில்லையாம். இரவுக்கு ட்ரெடினோயின் என்ற விட்டமின் ஏ வகைப் பூச்சு மருந்து எழுதினார், கர்ப்பமா என்று கேட்டபிறகுதான். முதல் மாதம் தோல் உரிந்தது, இப்போது பரவாயில்லை.

சன்ஸ்கிரீனைக் காரில் வைக்க வேண்டாம், சூட்டில் பழுதாகும் என்றார். இப்போது ஹேண்ட்பேக்கில் திரிகிறது.