மறு: லீன் மிக்சர், ரிச் மிக்சர் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். இன்ஜினுக்குள் போகும் காற்று–பெட்ரோல் கலவையில் பெட்ரோலுக்கு வேண்டியதைவிடக் காற்று அதிகமானால் லீன் மிக்சர், குறைந்தால் ரிச் மிக்சர். இவற்றுக்குத் தமிழில் வந்த ஒரு பரிந்துரைக்கு என் பதில் இது.

> லீன் மிக்சர் 'மெலிந்த கலவை', ரிச் மிக்சர் 'செறிந்த கலவை'. இத்துடன் முடித்துக்கொள்ளலாமா?

முன்பு வந்த 'ஏழைக் கலவை, பணக்காரக் கலவை' என்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. காரணம், எத்தனால் கலந்த பெட்ரோல்.

'மெலிந்த கலவை' என்றதும் பெட்ரோல் குறைந்துவிட்டது என்றுதான் மாணவர் நினைப்பார். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் நடப்பது அதுவன்று. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில், ஜெட் என்ற சிறு துளை வழியாக வரும் எரிபொருளின் அளவு ஏறக்குறைய மாறுவதில்லை. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதியை அதுவே சுமந்து வருவதால் வெளிக்காற்று அதற்குக் குறைவாகவே தேவைப்படுகிறது. எத்தனால் சேராத பெட்ரோல் 1 கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20க்கு ஏறத்தாழ 13.5 கிலோ. ஜெட்டை மாற்றாத பழைய வண்டியில் காற்று மிஞ்சுகிறது. மிஞ்சுவது எதுவோ அதையே பெயரில் சொல்லிவிடலாமே!

என் பரிந்துரை: லீனுக்கு மிகுகாற்றுக் கலவை, ரிச்சுக்குக் குறைகாற்றுக் கலவை. இரண்டும் வினைத்தொகை, சுருக்கமாக மிகுகாற்று, குறைகாற்று என்றாலே போதும். சரியான விகிதத்தில் இருப்பது சமகாற்று.

நீலகிரியில் இந்தச் சொற்கள் இன்னும் நன்றாகப் பொருந்துகின்றன. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு. காற்று குறையும் அளவுக்குக் கார்புரேட்டர் எரிபொருளைக் குறைப்பதில்லை. கலவை 10 முதல் 12 சதவீதம் வரை குறைகாற்றாகிவிடுகிறது. பிளக்கில் கரி படிகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை. அதற்காகத்தான் மலையில் சிறிய மெயின் ஜெட் போடுகிறார்கள். எத்தனால் சேராத பெட்ரோலுக்கு அது சரியான வைத்தியம். இ20 தானாகவே கலவையை ஏறத்தாழ 8 சதவீதம் மிகுகாற்றுப் பக்கம் நகர்த்துவதால், உதகையில் உயரத்தின் பாதிப்பில் பெரும்பகுதி ஜெட்டைத் தொடாமலேயே ஈடாகிவிடுகிறது.

சிறிய ஜெட் போட்ட வண்டி பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போதுதான் எனக்குக் கவலை. கீழே காற்று அடர்த்தியாகிறது, ஜெட் சிறியது, தொட்டியில் இருப்பது இ20. மூன்றும் ஒரே திசையில், மிகுகாற்றுப் பக்கம், சேர்கின்றன. கோவைச் சாலையில் முழு வேகத்தில் விரட்டினால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும், பிளக் வெளுக்கும், ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி ஒரு கணம் தயங்கும். 'மெலிந்தது' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்க நான் சிரமப்படுகிறேன். 'காற்று மிகுந்தது' என்றால் ஒரே வரியில் முடிகிறது.

> ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு இந்தக் கவலையே இல்லையே?

பெட்ரோலைக் கணினிக் கட்டுப்பாட்டில் இன்ஜெக்டர் பீய்ச்சும் அந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் இல்லை, ஐயா. அங்கும் என் சொல்லுக்கு ஆதரவு இருக்கிறது: புகைக்குழாயில் இருக்கும் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. மிகுகாற்று என்று தெரிந்தால் இன்ஜெக்டர் சற்று அதிக நேரம் திறக்கிறது. முழு ஆக்சிலரேட்டரில் பல வண்டிகள் சென்சாரின் பேச்சைக் கேட்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே போன காற்றை, முழுதாக எரிய வேண்டிய காற்றால் வகுத்தால் வரும் லாம்டாவைக் 'காற்று எண்' என்றால் கணக்கும் இதே குடும்பத்தில் வந்துவிடும்: 1 என்றால் சமகாற்று, அதற்கு மேல் மிகுகாற்று, கீழே குறைகாற்று.

> எத்தனால் இன்ஜினைக் குளிர்விக்கும் என்கிறார்களே?

அது வேறு கணக்கு. ஆவியாக எத்தனாலுக்குப் பெட்ரோலைப்போல் இரு மடங்குக்கு மேல் வெப்பம் தேவை. உள்ளே போகும் கலவை குளிர்வது உண்மை. உதகையின் ஜனவரிக் காலையில் வண்டி எளிதில் கிளம்பாததற்கு அதுவும் ஒரு காரணம். இதற்கும் மிகுகாற்றுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

பட்டறையில் 'லீன்' என்றே சொல்வார்கள், சொல்லட்டும். ஜெட், பிளக், கார்புரேட்டர் ஆகியவற்றை மாற்றவும் நான் கேட்கவில்லை. தொழிற்பயிற்சிக் கையேட்டில் காரணத்தைக் காட்டும் சொல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மறுப்பு உள்ளவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து தொட்டியின் அடியில் பிரிந்து தங்குவதற்கு வேண்டிய சொல்லைத் தனி இழையில் பேசலாம்.