புதுப்பிப்பு: ஆல்பா-1 புள்ளிகள் தெரிந்துவிட்டன

போன மாதம் கேட்டிருந்தேன்: எலியின் சிறுமூளைச் சீவல்களில் நரம்புச் செல்லை அடக்கும் காபா-ஏ ஏற்பி என்ற புரதத்தின் ஒரு பகுதியான ஆல்பா-1 துணை அலகை ஆன்டிபாடி கொண்டு தேடினால், புள்ளிபுள்ளியாகத் தெரிய வேண்டிய சினாப்ஸ்கள் (நரம்புச் செல்கள் சந்திக்கும் இடங்கள்) இல்லை, எங்கும் பச்சைப் படலம்தான், ஆன்டிபாடி (அந்தப் புரதத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறு) கெட்டுவிட்டதா என்று.

ஆன்டிபாடி நன்றாகத்தான் இருக்கிறது. தவறு என்னுடையது. மூளையை, திசுவை இறுக்கிக் கெடாமல் காக்கும் 4% பாராஃபார்மால்டிஹைடில் இரவு முழுக்க ஊறவிட்டிருந்தேன். சினாப்ஸில் புரதங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அவை அளவுக்கு மீறி இறுகினால், ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய இடம் மூடிக்கொள்கிறது. இந்த முறை குறைந்த நேரமே ஊறவைத்து, மூடிய இடம் திறக்கட்டும் என்று சீவல்களைச் சில நிமிடங்கள் புரதத்தைச் செரிக்கும் பெப்சினில் வைத்தேன். நேற்று மைக்ராஸ்கோப்பில் குனிந்தபோது, ஒரு பர்கின்ஜி செல்லின் (சிறுமூளையின் பெரிய நரம்புச் செல்) உடலைச் சுற்றிக் கோலப்புள்ளி வைத்தாற்போல் பச்சைப் புள்ளிகள். கண் கலங்கிவிட்டது.

இன்னொன்று, மலையில் வேலை செய்பவர்களுக்காக. செய்முறைத் தாளில் 'அறை வெப்பநிலை' என்றிருந்தால் 20 முதல் 25 டிகிரி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் ஜனவரிக் காலையில் எங்கள் மேசையில் 13தான் இருந்தது. அப்புறம் சிலைடுப் பெட்டியை இன்குபேட்டருக்குள் வைத்துவிட்டேன்.

புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டிலும், ஆல்பா-1-இன் எடையான சுமார் 50 கிலோடால்டனில் ஒரே பட்டை. மாதிரியைக் கொதிக்க வைக்கவில்லை. சவ்வுப் புரதங்கள் கொதித்தால் திரண்டு, ஜெல்லில் மாதிரியை ஊற்றும் குழியிலேயே நின்றுவிடும். முதல் ஆன்டிபாடி இல்லாமல், அதில் ஒட்டி ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி மட்டும் போட்ட சீவல் சுத்தமான கறுப்பு. பெப்டைடு தடுப்பும் (ஆன்டிபாடி ஒட்டும் புரதத் துண்டை முன்பே கலந்து அதை அடைத்துப் பார்ப்பது) செய்தேன், ஆனால் அதை நான் முழுச் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆல்பா-1 ஜீன் நீக்கிய எலியின் மூளையிலும் புள்ளிகள் மறைய வேண்டும். அந்தத் திசுவைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.