எல்டன் ரிங்கில் தாத்தாவின் முகம்: உருவாக்கும் திரையில் சரியாக இருக்கும் தோல் நிறம் ஆட்டத்துக்குள் சாம்பலாகிறது, உதவி தேவை

வியாசை_வடக்கு:

அனைவருக்கும் வணக்கம். எல்டன் ரிங் விளையாட்டில் என் தாத்தாவின் சாயலில் ஒரு கேரக்டரை உருவாக்க முயன்று வருகிறேன். அவர் வியாசர்பாடியில் வாழ்ந்தவர். இளமையில் வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரை ஒன்றுக்காக மேடை ஏறி, பின்னாளில் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போனவர். அவருடைய படம் என்று எங்கள் வீட்டில் இருப்பது ஸ்டுடியோவில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மட்டுமே. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு ஸ்லைடரையும் நகர்த்துகிறேன்.

முதல் சிக்கல் நிறம். முகத்தை உருவாக்கும் திரையில் கருமையான தோல் சரியாகத் தெரிகிறது. ஆட்டம் தொடங்கியதும் அதே முகம் சாம்பல் பூசியதுபோல் உயிரில்லாமல் ஆகிவிடுகிறது. தோல் நிறத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகள்: சிவப்பு 82, பச்சை 74, நீலம் 70. நிறத்தைச் சற்று வெளுப்பாக்கினால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. தாத்தா கறுப்பானவர்; அவரைக் கறுப்பாகவே பார்க்க விரும்புகிறேன்.

இரண்டாவது சிக்கல் மூக்கு. பலமுறை அடிபட்ட மூக்கு அவருடையது. ஒரு பக்கமாகச் சற்று வளைந்திருக்கும். இடம் வலம் என்று தனித்தனியாக வளைக்க ஸ்லைடர் எதுவும் என் கண்ணில் படவில்லை. என் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், காட்டியபோது, கண்ணும் நெற்றியும் பரவாயில்லை, மூக்கு அவருடையது இல்லை என்று சொல்லிவிட்டார்.

பிளேஸ்டேஷன் 5 (பி.எஸ். 5) விளையாட்டுக் கருவியைப் பழைய கணினி மானிட்டர் ஒன்றில் இணைத்து விளையாடுகிறேன். முகத்தைப் பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா, அல்லது ஆட்டத்தை முதலிலிருந்தே தொடங்க வேண்டுமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தண்டையார்பேட்டை_டவர்:

தம்பி, நிறத்தைத் தொடுவதற்கு முன்னால் மானிட்டரைச் சரிபார்த்துவிடுங்கள். எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகப் படம் அனுப்பும்போது ஒளியின் அளவு இரண்டு வகையாகச் செல்லலாம். முழு வரம்பில் கருமை 0 என்ற எண்ணிலும் வெண்மை 255 என்ற எண்ணிலும் இருக்கும். தொலைக்காட்சிகளுக்கான குறுகிய வரம்பில் கருமை 16, வெண்மை 235. கருவி குறுகிய வரம்பில் அனுப்ப, மானிட்டர் அதை முழு வரம்பு என்று எடுத்துக்கொண்டால், கறுப்பாக இருக்க வேண்டிய எல்லாமே வெளிறிய சாம்பலாகத் தெரியும். கணினிக்காகச் செய்யப்பட்ட பழைய மானிட்டர்களில் இது அடிக்கடி நிகழ்வது.

பி.எஸ். 5 செட்டிங்ஸில் ஸ்கிரீன் அண்ட் வீடியோ பகுதிக்குள் வீடியோ அவுட்புட் என்பதைத் திறந்து, ஆர்.ஜி.பி. ரேஞ்ச் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் என்று இருப்பதை ஃபுல் என்று மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் இருண்ட இடங்கள் நல்ல கறுப்பாகி, அதற்குள் இருக்கும் நுணுக்கங்களும் தெரிந்தால் அதுவே சரியான நிலை. கறுப்பு ஒரேயடியாக அடைத்துக்கொண்டு எதுவும் தெரியாமல் போனால் பழைய நிலைக்கே திரும்பிவிடுங்கள். மானிட்டர் எச்.டி.ஆர். (ஒளி, இருள் வேறுபாட்டை விரிவாகக் காட்டும்) வசதி இல்லாதது என்றால், அந்த அமைப்பையும் அணைத்து வைப்பது நல்லது.

காசிமேடு_விடியல்:

மேலே அண்ணன் சொன்னதை அவசியம் செய்யுங்கள். ஆனால் சிக்கல் அதோடு முடிந்துவிடாது என்று நினைக்கிறேன். வரம்பு மட்டுமே காரணம் என்றால் உருவாக்கும் திரையிலும் ஓரளவு வெளிறல் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் கொடுத்துள்ள எண்களிலேயே பெரிய காரணம் இருக்கிறது.

82, 74, 70 ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கின்றன. சிவப்பும் பச்சையும் நீலமும் சமமாக நெருங்கினால் கிடைப்பது சாம்பல்தான், பழுப்பு கிடைக்காது. உருவாக்கும் திரையில் முகத்தின் மீது நல்ல வெளிச்சம் விழுவதால் அந்தச் சிறிய இடைவெளியே நமக்குப் போதுமான பழுப்பாகத் தெரிகிறது. குளிர்ந்த ஒளி உள்ள குகைக்குள் போனதும் அந்த இடைவெளி கரைந்துவிடுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் எவருக்கும் இந்த எண்களே வரும், ஏனென்றால் அந்தப் படத்தில் இருப்பது வெளிச்சத்தின் அளவு மட்டுமே. கரும்பழுப்பு வேண்டுமானால் சிவப்பை மற்ற இரண்டிலிருந்தும் நன்றாக விலக்கி வையுங்கள். சிவப்பு 100, பச்சை 66, நீலம் 48 என்று தொடங்கி அங்கிருந்து இறங்குங்கள். தோல் கருமையாகவே இருக்கும். அதற்குள் ஒரு வெதுவெதுப்பு வரும். உங்கள் நண்பர்கள் சொல்வதுபோல் வெளுப்பாக்க வேண்டிய தேவை சிறிதும் இல்லை.

நிறத்துக்கான சான்றைப் புகைப்படத்தில் தேடாமல் வீட்டு மனிதர்களிடம் தேடுங்கள். தாத்தாவின் நிறத்தைக் கொண்ட மகனோ மகளோ இருந்தால், காலை வெயில் நேரடியாகப் படாத இடத்தில், மொட்டை மாடிச் சுவர் நிழலில் நிற்கவைத்து, முழங்கையின் வெளிப்புறத்தைப் பாருங்கள். ஆயாவையும் உடன் வைத்துக்கொண்டால் கூடவா குறைவா என்று அவரே சொல்லிவிடுவார்.

அடுத்தது பளபளப்பு. இதைப் பலரும் தொடுவதே இல்லை. வெளிர்ந்த தோல் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைச் சிதறித் திருப்பி அனுப்புகிறது, அதனால் அதன் மேடு பள்ளங்கள் நிழல் வேறுபாட்டிலேயே தெரிந்துவிடும். கருந்தோல் அந்த ஒளியின் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்வதால், கன்ன எலும்பு, மூக்குத்தண்டு, புருவ மேடு ஆகியவற்றின் மேல் ஒளி பட்டு மின்னும் இடங்களைக் கொண்டுதான் நம் கண் முகத்தின் வடிவத்தை உணர்கிறது. அந்த மின்னல் இல்லாவிட்டால் முகம் ஒரு தட்டையான கருந்திட்டாகிவிடும். மேடையில் வியர்த்து நிற்கும் குத்துச்சண்டைக்காரரின் முகம் ஏன் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். தோல் அம்சங்கள் பகுதியில் ஸ்கின் லஸ்டர் என்ற ஸ்லைடர் இருக்கிறது. அதைச் சற்றுக் கூட்டுங்கள். துளைகளுக்கான போர்ஸ் ஸ்லைடரையும் கொஞ்சம் உயர்த்தினால் மின்னல் ஒரே பூச்சாக இல்லாமல் உடைந்து, உண்மைத் தோலாகத் தெரியும்.

கடைசியாக, எங்கே நின்று முடிவு செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஆட்டத்தின் தொடக்கத்தில் நாம் விழும் ஸ்ட்ராண்டட் கிரேவ்யார்ட் இருண்ட இடம். அங்கே எந்த முகத்தையும் மதிப்பிட முடியாது. லிம்கிரேவ் என்ற திறந்தவெளிக்கு வந்து, கிரேஸ் எனப்படும் ஓய்விடங்களில் முதலாவதில் அமர்ந்து, நேரத்தைக் கடத்தும் வசதியைக் கொண்டு காலை, நண்பகல், இரவு ஆகிய மூன்று ஒளியிலும் கேமராவை முகத்துக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். எர்ட்ட்ரீ என்ற மாபெரும் மரத்தின் பொன்னொளி பகலில் எல்லாவற்றையும் மஞ்சளாக்கும், இரவு நீலமாக்கும். மூன்றிலும் ஒரே மனிதராகத் தெரிந்தால் உங்கள் எண்கள் சரி.

வியாசை_வடக்கு:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆர்.ஜி.பி. ரேஞ்சை ஃபுல் என்று மாற்றியதும் குகையின் சுவர்களே வேறு மாதிரி ஆகிவிட்டன. கறுப்பு இப்போது கறுப்பாக இருக்கிறது. நிறத்துக்கு என் பெரிய மாமாவை மாடிக்கு அழைத்துப் போனேன், ஆயாவும் வந்து பார்த்தார். சிவப்பு 94, பச்சை 60, நீலம் 44 என்ற இடத்தில் நிற்கிறேன். லஸ்டரைக் கூட்டியதும் கன்ன எலும்பு எழுந்து நிற்கிறது. இரவில் மட்டும் இன்னும் சற்று மங்கல். ஆனால் சாம்பல் போய்விட்டது. மூக்குதான் மீதம்.

இராயபுரம்_ரிங்:

எங்கள் குடும்பத்திலும் கையுறை மாட்டியவர்கள் இருந்ததால் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எல்டன் ரிங்கின் முக ஸ்லைடர்கள் இரு பக்கத்தையும் ஒன்றாகவே நகர்த்துபவை. ஆகவே வளைந்த மூக்கை இதில் நேரடியாகச் செய்ய வழியில்லை. ஆனால் அடிபட்ட மூக்கின் அடையாளம் வளைவு மட்டும் அன்று. பலமுறை குத்து வாங்கிய மூக்கில் தண்டு அமுங்கி, நடுவில் பள்ளமாகி, அடி அகன்றிருக்கும். முன்னிருந்து பார்ப்பவருக்கு வளைவைவிட இந்த அகலமே முதலில் தெரியும். மூக்குத்தண்டுப் பகுதிக்குச் சென்று ஆழத்தைக் குறையுங்கள், தண்டின் தடிமனைக் கூட்டுங்கள், பிறகு நாசித் துவாரங்களின் அகலத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். மூக்கின் மொத்த அளவைத் தொடவேண்டாம். அதைப் பெரிதாக்கினால் அடிபட்ட மூக்கு பிறவியிலேயே பெரிய மூக்காகிவிடும்.

மூக்கோடு நின்றுவிடாமல் புருவ மேட்டையும் பாருங்கள். குத்துச்சண்டைக்காரர்களுக்கு அதிகமாகக் கிழியும் இடம் புருவம்தான். ஆறிய பிறகும் அங்கே தழும்பும் சிறு தடிப்பும் நிற்கும். புருவ மேட்டைச் சற்று முன்னே தள்ளுங்கள். டாட்டூ மற்றும் குறிகள் பகுதியில் தழும்பு போன்ற குறி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தலாம், சாய்க்கலாம், சுருக்கலாம், திருப்பிப் போடலாம். முகத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் எதையாவது தருவதற்கு இதைவிட நல்ல வழி இந்த ஆட்டத்தில் இல்லை. தழும்பின் நிறத்தைத் தோலைவிடச் சற்றே வெளிறலாக வைத்து, ஒரு புருவத்தின் வெளி முனையை வெட்டிச் செல்லும்படி சிறியதாக அமையுங்கள். முகத்தின் சமச்சீர் அங்கே உடைந்துவிட்டால், மூக்கு நேராக இருந்தாலும் கண் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது.

அந்தப் புகைப்படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்கால ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் டச்சிங் செய்து, சுருக்கங்களையும் தழும்புகளையும் மறைத்து முகத்தைத் துலக்கித் தருவது வழக்கமாக இருந்தது. ஆகவே படத்தில் தழும்பு இல்லை என்பதற்காக அது இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எந்தப் பக்கம் என்று ஆயாவிடமே கேளுங்கள்.

பெரம்பூர்_லோகோ:

முகத்தைப் பிறகு மாற்றிக்கொள்வதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆட்டத்தில் வரும் மெலினா என்ற பெண் உங்களை ரவுண்ட்டேபிள் ஹோல்டு என்ற இடத்துக்கு அழைத்துப் போன பிறகு, அங்கே ஃபியா என்ற பெண் இருக்கும் அறையில் ஒரு கண்ணாடி இருக்கும். அதில் முகத்தையும் உடலையும் எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசமாக மாற்றலாம். பெயரை மட்டும் மாற்ற முடியாது, எனவே பெயரை யோசித்து வையுங்கள். எல்லா ஆட்டங்களும் இவ்வளவு தாராளமாக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்டில் முழு முகத்தையும் மாற்றுவதற்கான சீட்டு முதல் முறை மட்டும் இலவசம், அடுத்ததிலிருந்து பணம் கட்ட வேண்டும். பால்டர்ஸ் கேட் 3 வெளிவந்த 2023 ஆகஸ்டில் இந்த வசதியே இல்லை. செப்டம்பரில் வந்த மூன்றாவது பேட்ச் (திருத்த அப்டேட்) தான் முகாமில் மாயக்கண்ணாடியைக் கொண்டுவந்தது.

எண்ணூர்_முகத்துவாரம்:

தாத்தா குத்துச்சண்டைக்காரர் என்றால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பொருத்தமாக இருக்காதா, தோழரே? அதன் வேர்ல்ட் டூர் பகுதியில் நாமே உருவாக்கும் அவதாரம் வெறுங்கையால் சண்டையிடும், முகமும் உடலும் எப்போதும் கண்முன் இருக்கும். கைகளின் நீளம் முதற்கொண்டு உடலின் அளவுகளை விரிவாக மாற்றலாம், அதற்கேற்ப அடி எட்டும் தூரமும் மாறும். எல்டன் ரிங்கில் நாம் பெரும்பாலும் பார்ப்பது கேரக்டரின் முதுகைத்தான். அதோடு, உயரத்தை மாற்ற அதில் ஸ்லைடரும் கிடையாது.

இராயபுரம்_ரிங்:

சொன்னது உண்மைதான். ஆனால் முதுகையே அதிகம் பார்க்கிறோம் என்றால், முதுகையும் அவருடையதாகச் செய்யலாமே. உடல் பகுதியில் தசையமைப்பை மஸ்குலர் என்று வைத்து, மார்பையும் கைகளையும் கூட்டி, வயிற்றையும் கால்களையும் அளவாக விடுங்கள். மூட்டை தூக்கியவரின் தோள் தனியாகத் தெரியும். ஆயுதத்துக்கு, முஷ்டியில் மாட்டிக் குத்தும் செஸ்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரு கைப்பிடியாக மாற்றினால் இரண்டு கைகளிலும் வந்துவிடும். 2024 ஜூனில் வந்த விரிவாக்கத்தை வாங்கினால் டிரைலீஃப் ஆர்ட்ஸ் என்ற வெறுங்கைப் போர்முறையும் கிடைக்கும், அதில் உதையும் கலந்திருக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

வியாசை_வடக்கு:

எண்ணூர்த் தோழருக்கும் நன்றி. ஸ்ட்ரீட் ஃபைட்டரை ஒரு நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் தாத்தாவைச் சண்டைக்காரராக மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. பெரிய வெளிகளில் நடப்பவராக, குதிரை ஏறுபவராக, கிரேஸில் உட்கார்ந்து ஓய்வெடுப்பவராகவும் அவரைப் பார்க்க ஆசைப்படுகிறேன். உடலுக்கு இராயபுரம் அண்ணன் சொன்ன அளவுகளையே வைத்திருக்கிறேன்.

மூக்குத்தண்டை அமுக்கியதும் முகம் ஒரே நாளில் மாறிவிட்டது. தழும்பு இடப் புருவத்தில் இருந்ததாக ஆயா சொன்னார், படத்தில் அதன் சுவடே இல்லை. அதையும் வைத்து அவரிடம் காட்டினேன். மூக்கைப் பற்றி இந்த முறை எதுவும் சொல்லாமல், முடி இவ்வளவு கறுப்பாக இருக்காது, காதோரம் நரைத்திருந்தது என்றார். காதோரம் மட்டும் நரைக்க வைக்க வழி உண்டா?

காசிமேடு_விடியல்:

காதோரம் மட்டும் என்று தனியாக இல்லை. முடிப் பகுதியில் ஒயிட் ஹேர்ஸ் என்ற ஸ்லைடர் தலை முழுவதும் நரையைக் கலந்து தூவும். அதைக் குறைவாக வைத்து, வேர்க் கருமைக்கான ஸ்லைடரைக் கூட்டினால், அடியில் கறுப்பும் மேலே நரையுமாக நடுத்தர வயதுத் தலை கிடைக்கும். முகத்தின் வயதை மேச்சூர் என்று வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், யங் என்று இருந்தால் நரை ஒட்டாமல் நிற்கும். விரிவாக்கத்தோடு வந்த இலவச அப்டேட்டில் புதிய சிகை வகைகள் ஐந்து சேர்ந்தன. ஆட்டத்தை அப்டேட் செய்துவிட்டு அவற்றையும் போட்டுப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் முகத்தை ஃபேவரிட்ஸில் சேமித்துக்கொள்ளுங்கள், வேறு கேரக்டருக்கும் அதையே எடுத்துப் போடலாம். ஆனால் அது சேவ் கோப்போடு இணைந்தது. வேறெங்கும் நகல் இல்லாமல் கருவி பழுதானால் முகமும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு ஸ்லைடர் பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எண்களாக இருக்கும்வரை எந்தக் கருவியிலும் அவரை மறுபடி உருவாக்கிவிடலாம்.

வியாசை_வடக்கு:

வயது யங் என்றுதான் இருந்தது, மாற்றிவிட்டேன். நரை இப்போது பொருந்துகிறது. இன்றிரவு எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவிட்டு, முழு எண் பட்டியலையும் இங்கேயே இடுகிறேன். கருந்தோல் முகம் செய்ய விரும்பும் வேறு யாருக்காவது தொடங்குவதற்குப் பயன்படும்.